பால்மரத்து மங்கு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர்த் தோட்டங்களில் மரத்துக்கு ஒன்றாகக் கம்பியில் தொங்கிய பால் கிண்ணத்துக்கு மங்கு என்று பெயர். ஒரு கையில் அடங்கும் அளவு; பிடி கிடையாது, பூவேலை கிடையாது; உள்ளே வழவழப்பான பூச்சு, வெளியே பெரும்பாலும் மண்ணின் பழுப்பு. சீவிய பட்டையிலிருந்து சொட்டும் பாலை ஏந்துவது ஒன்றே அதன் வேலை. தகரத்திலும் கண்ணாடியிலும் அலுமினியத்திலும் மங்கு இருந்தது உண்டு. ஆனால் காலத்துக்கும் நின்றது களிமண் மங்குதான். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய சீனக் குயவர்கள் அதை வனைந்து, விறகுச் சூளையில் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டுத் தோட்டங்களுக்கு விற்றார்கள்.

இன்று கைவினைக் கடைகளில் நல்ல விலைக்குப் போகும் கல் பீங்கான் காப்பிக் குவளைக்கும் இந்த மங்குக்கும் மண்ணும் ஒன்று, நெருப்பும் ஒன்று. குவளையைக் கலைப்பொருள் என்கிறோம். மங்கைத் தோட்டத்துத் தட்டுமுட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட்டோம். செய்தவர் கைத்திறனைப் பார்த்தால் இந்தப் பாகுபாட்டுக்கு நியாயமில்லை.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தாலும் மங்கு சிறிய விஷயமல்ல. ரப்பர்க் காட்டில் ஏக்கருக்கு நூறு மரத்துக்கு மேல் நிற்கும். ஆயிரம் ஏக்கர் தோட்டம் ஒன்றுக்கு ஒரு லட்சம் மங்குக்குக் குறையாமல் வேண்டும். உடைந்ததற்கு மாற்று, புதிதாகப் பால் வெட்டுக்கு வரும் காட்டுக்கு வேண்டியது எல்லாம் அதற்கு மேல். லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, போர்ட்டிக்சன், பகாவ், தம்பின், கிம்மாஸ் என்று மாநிலம் நெடுகத் தோட்டங்கள் இருந்த காலத்தில், அந்தக் காடுகளில் தொங்கிய மங்குகளை லட்சக்கணக்கில்தான் எண்ண வேண்டும்.

களிமண்ணைச் சுட்டு எடுக்கும் பொருள்களில் பொங்கல் பானையும் மங்கும் இரு வேறு வகை. மண்பானை ஏறத்தாழ 1,000 டிகிரிக்குள் சுடப்படுவது. அந்தச் சூட்டில் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே தவிர, நடுவிலுள்ள நுண்துளைகள் மூடுவதில்லை. பானையில் ஊற்றி வைத்த தண்ணீர் குளிர்வது இந்தத் துளைகளால்தான். நீர் கசிந்து வெளிச்சுவரில் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்கிறது. குவாலா சிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ்க் குயவர்கள் மலேசியத் தைப்பொங்கலுக்குச் செய்து தரும் பானைகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

கல் பீங்கானுக்கு இன்னும் இருநூறு, முந்நூறு டிகிரி கூடுதலாக வேண்டும். அதற்கேற்ற களிமண்ணும் வேண்டும். சாதாரணச் செங்கல் மண்ணை 1,200 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது உப்பி உருகிச் சரிந்துவிடும். கயோலின் என்ற வெண்களியும் குவார்ட்ஸ் மணலும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் தகுந்த அளவில் கலந்த மண் மட்டுமே அந்தச் சூட்டைத் தாங்கும். ஃபெல்ட்ஸ்பார் முதலில் உருகி, துகள்களுக்கு நடுவே ஓடித் துளைகளை அடைக்கும். அதே வேளையில் களியில் மல்லைட் என்ற ஊசிவடிவப் படிகங்கள் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிச் சுவரை இறுக்கும். ஆறிய பிறகு கிடைப்பது தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாத, சுண்டினால் கணீரென ஒலிக்கும் பொருள். தமிழ் வீடுகளில் இதற்குத் தெரிந்த உதாரணம் ஊறுகாய் ஜாடி. உப்பும் புளிப்பும் எண்ணெயும் ஆண்டுக்கணக்கில் அதற்குள் கிடந்தாலும் ஜாடிக்கு ஒன்றும் ஆவதில்லை.

ரப்பர் மரம் மலாயாவுக்கு வந்த கதை பலருக்குத் தெரிந்ததே. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார்; அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பால் எடுக்கலாம் என்று காட்டினார். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். மலாக்காவை ஒட்டிய நெகிரி செம்பிலானுக்குள் ரப்பர் வேகமாகப் பரவியது. சிரம்பானையும் போர்ட்டிக்சன் துறைமுகத்தையும் இணைத்த ரயில்பாதை 1891லேயே இயங்கத் தொடங்கியிருந்தது தோட்டங்களுக்கு வசதியாயிற்று. ஆள் தேவைப்பட்டது, தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணிகள் வழியாக ஆயிரமாயிரமாய் அழைத்து வந்தார்கள். 1907இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி கப்பல் செலவைச் சுமந்தது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இந்த வரத்து நிற்கவில்லை.

ரிட்லியின் முறையில் ஒரு மரம் இருபது, முப்பது ஆண்டுகள் பால் தரும். வெட்டு நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் நடக்கும். ஆகவே பாலை ஏந்தும் கிண்ணம் மரத்தோடேயே நிரந்தரமாக இருக்க வேண்டியதாயிற்று. தொடக்க காலத்தில் கைக்குக் கிடைத்ததெல்லாம் கிண்ணமானது. தேங்காய்ச் சிரட்டை மலிவு, ஆனால் அதன் நார்த் துணுக்கு பாலில் விழும். உள்சுவரின் சொரசொரப்பில் பழைய பால் ஒட்டிப் புளிக்கும். தகரக் குவளை இலேசானது, துருப்பிடிக்கும். துரு ரப்பருக்கு ஆகாது. இரும்பு, செம்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களின் சுவடு பட்டாலே ரப்பர் காற்றில் சீக்கிரம் சீர்கெட்டுப் பிசுபிசுக்கும். கண்ணாடிக் கிண்ணம் சுத்தமானது. கல்லில் விழுந்தால் நொறுங்கும், அதன் சில்லு வெறுங்காலோடு நடப்பவர்களின் காலைக் கிழிக்கும். பூச்சுள்ள கல் பீங்கானில் இந்தக் குறைகள் எல்லாமே குறைவு.

அது ஏன் அவ்வளவு பொருத்தமாக அமைந்தது என்பதை அறிய, பாலின் குணத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். மரத்திலிருந்து வடியும் பாலில் 30 முதல் 40 விழுக்காடு ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கும். ஒவ்வோர் உருண்டையைச் சுற்றியும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு மெல்லிய உறை உண்டு. அந்த உறையில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. நுண்ணுயிர்கள் பாலில் புகுந்து அமிலத்தை உண்டாக்கினால் அந்த மின்னூட்டம் தணியும். உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும், பால் திரியும். பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றித் திட்டமிட்டுச் செய்யும் காரியம், காட்டிலேயே கேட்பாரின்றி நடந்துவிடுகிறது. நேற்றைய பால் ஒரு கோடளவு மங்கில் ஒட்டியிருந்தாலும் போதும், அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் இன்றைய பாலைச் சில மணி நேரத்தில் கெடுத்துவிடும். நுண்துளை உள்ள மண்சட்டியை எவ்வளவு துடைத்தாலும் துளைக்குள் இருப்பது போகாது. கண்ணாடி போன்ற பூச்சுள்ள மங்கிலோ, உறைந்த பால் ஒரு தோலாக உரிந்து வந்துவிடும். விரலை ஓரத்தில் நுழைத்துச் சுழற்றி இழுத்தால் முழுத் தோலும் கையோடு வரும். அந்தக் கட்டிப்பாலும் வீணாவதில்லை. பட்டைக் கோட்டில் காய்ந்த கோட்டுப்பாலோடு தனியாகச் சேர்த்து எடை போடப்படும்.

மங்கின் வடிவத்தில் உள்ள ஒவ்வொரு வளைவுக்கும் இதனோடு தொடர்பு உண்டு. வாய் அகலமாக இருப்பது கை நுழைவதற்கு. சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து விரிவது, உறைந்த பால் தடையில்லாமல் மேலே வருவதற்கு; ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தூக்கிச் செல்லவும் அது உதவும். அடிப்பகுதியும் சுவரும் சேரும் இடத்தில் மூலை இராது, உருண்டை வளைவுதான் இருக்கும். மூலை இருந்தால் அங்கே பால் தங்கும். விளிம்பு மற்ற இடங்களைவிடத் தடிப்பு. ஒரு நாளைக்கு ஒரு முறையாவது வாளி விளிம்பில் தட்டுப்படும் பொருளுக்கு மெல்லிய உதடு நாலு நாள் தாங்காது. காற்றில் ஆடாத கனம் வேண்டும், கம்பி வளையத்தை இழுத்துத் தாழ்த்தாத இலேசும் வேண்டும். இவ்வளவையும் சக்கரத்தின் முன் அமர்ந்த குயவர் ஒரே அளவில், ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டியிருந்தது.

தோட்டத்தில் மங்கின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கியது. பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் உளியோடு ஆணும் பெண்ணும் தத்தம் நிரைக்கு, அதாவது மர வரிசைக்கு, போவார்கள். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்குமுன் மரத்தினுள் அழுத்தம் மிகுதி. அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மரத்தை அடைந்தவுடன் முதல் வேலை பழைய கோட்டுப்பாலை இழுத்தெடுப்பது. அடுத்தது மங்கைத் துடைப்பது. பிறகே உளி பட்டையில் படும். இடமிருந்து வலமாகச் சரியும் கோட்டில் வடிந்த பால், பட்டையில் அடித்த சிறு தகரத் தகடு வழியாகக் கீழே தொங்கும் மங்கில் சொட்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு நானூறு மரம் என்பது சாதாரணம், ஐந்நூறும் உண்டு. அவ்வளவு மரம் என்றால் அவ்வளவு மங்கையும் துடைத்து நிமிர்த்த வேண்டும். குழந்தைகள் பள்ளிக்குப் போகாத நாளிலும், சில குடும்பங்களில் பள்ளிக்குப் போவதற்கு முன்னும், அப்பா அம்மாவோடு நிரையில் ஓடி மங்கு துடைத்தார்கள். கூலிக் கணக்கில் அந்தப் பிள்ளைகளின் பெயர் ஏறியதில்லை. தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் போவது நேர்மையாகாது.

வெட்டு முடிந்து சில மணி நேரத்தில் பால் ஓட்டம் நிற்கும். அப்போது மீண்டும் முதல் மரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மங்கையும் எடுத்து வாளியில் கவிழ்த்து, உள்ளே ஒட்டியதை வழித்து, மங்கைத் திரும்பக் கம்பியில் வைக்க வேண்டும். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க, பால் ஸ்டோருக்கு நடை. அங்கே கிராணி என்னும் தோட்டக் கணக்கர் பாலை அளந்து, மெட்ரோலாக் என்ற மிதவையை இட்டு அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். மழைநீர் கலந்த பால் மிதவையில் குறைவாகக் காட்டும், கூலியும் அதற்கேற்பக் குறையும். ஆகவே வேலை முடிந்த மங்கைக் கவிழ்த்து வைப்பது பழக்கமாயிற்று. அதனால் இன்னொரு நன்மையும் விளைந்தது. நிமிர்ந்து கிடக்கும் கிண்ணத்தில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். கேரளத்து ரப்பர்த் தோட்டங்களில் டெங்கு பரவியபோது சுகாதாரத் துறையினர் முதலில் தேடிப்போன இடங்களில் பால் சிரட்டைகளும் அடங்கும்.

இப்படி நெகிரி செம்பிலானில் புழங்கிய மங்குகளின் மறுபாதிக் கதை சூளைக்கரையில் நடந்தது. தெற்கே எல்லையை ஒட்டிய ஜொகூரில் ஆயர் ஹீத்தாம் வட்டாரம் மட்பாண்டத்துக்குப் பேர் பெற்றது. சீனாவின் சுவாதோவ், சாவ்சாவ் பகுதிகளிலிருந்து வந்த தியோச்சூ குயவர்கள் அங்கே சூளைகளைக் கட்டினார்கள். ஆவ் எங் குவாங் தொடங்கிய ஆவ் பாட்டரி அவற்றில் பெயர் பெற்றது. சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் கிடைத்த நல்ல வெண்களி அங்கும் சூளைகளை வரவழைத்தது. ஜாலான் பஹாரில் 1940இல் எழுந்த தாவ் குவாங் சூளையும் 1958இல் கட்டப்பட்ட குவான் ஹுவாட் சூளையும் இன்றும் நிற்பவை. தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டி, ஜாடி ஆகியவற்றோடு பால் மங்கும் இத்தகைய சூளைகளின் அன்றாடச் சரக்காக இருந்தது. தமிழரும் சீனரும் தோட்டத்தில் வேறு வேறு வரிசையில் வாழ்ந்தவர்கள். கடைத்தெருவுக்கு வெளியே அவர்கள் சந்தித்துக்கொண்டது அரிது. ஆனால் தமிழ்ப் பெண் ஒருத்தி நாள்தோறும் நானூறு முறை கையில் எடுத்த பொருள், பெயர் தெரியாத சீனக் குயவர் ஒருவரின் விரல் பட்டுப் பிறந்தது.

தோண்டி எடுத்த களிமண்ணை உடனே வனைய முடியாது. வெயிலிலும் மழையிலும் கிடந்து கட்டி உடைய வேண்டும். பிறகு குழியில் ஊறவைத்துக் கரைத்து, கல்லும் வேரும் நீங்க வடிகட்டி, நீர் வற்றவிட்டு, காலால் மிதித்துப் பதப்படுத்துவார்கள். கடைசியில் கையால் பிசைவது மண்ணுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்கு. காற்றுக் குமிழி ஒன்று சுவரில் தங்கினால் சக்கரத்தில் சுவர் கோணும். சூளையில் அந்த இடம் கொப்பளிக்கும்.

சக்கரத்தில் முதல் வேலை மையம் பிடிப்பது. சுழலும் மண் கட்டியை இரு கையாலும் அழுத்தி, துளியும் ஆட்டமில்லாமல் நடுவில் நிறுத்த வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் வாரக்கணக்கில் இதிலேயே திணறுவார்கள். பிறகு கட்டைவிரலை நடுவில் இறக்கிக் குழி எடுத்து, உள்விரலும் வெளிவிரலும் சுவரைப் பிடித்தபடி மேலே இழுத்தால் கிண்ணம் எழும். மங்கு செய்பவர் பெரிய மண் கட்டி ஒன்றைச் சக்கரத்தில் வைத்து, அதன் உச்சியில் மட்டும் ஒரு கிண்ணத்தை எழுப்பி, நூலால் அறுத்தெடுத்துவிட்டு, அதே கட்டியில் அடுத்ததைத் தொடங்கலாம். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் புதிதாக மையம் பிடிக்கும் வேலை இதனால் மிச்சம். பின்னாளில் சுழலும் சாந்து அச்சுக்குள் மண்ணை இட்டு, வார்ப்புத் தகடு ஒன்றை இறக்கி வடிவம் எடுக்கும் முறை வந்தது. அதிலும் மண்ணின் ஈரத்தை விரலால் கணிக்கும் ஆள் இல்லாமல் காரியம் நடக்காது.

வனைந்ததை நிழலில் மெல்ல உலர்த்துவார்கள். வேகமாகக் காய்ந்தால் விளிம்பு முதலில் சுருங்கிப் பிளக்கும். உலரும்போதும் சுடும்போதும் சேர்ந்து மண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும், 10 செ.மீ. அகலத்தில் வனைந்தது 9 செ.மீ. ஆகத்தான் வெளிவரும். அளவு தவறாத மங்கு வேண்டுமென்றால் இந்தச் சுருக்கத்தைக் கணக்கில் வைத்தே கை போக வேண்டும்.

பூச்சு என்பது கடையில் வாங்கும் சாயமல்ல. விறகுச் சாம்பலும் உமிச் சாம்பலும் களிக்கரைசலுமே அதன் அடிப்படை. உமிச் சாம்பலில் மிகுந்திருப்பது சிலிக்கா. கண்ணாடிக்கு மூலப்பொருள் அதுவே. விறகுச் சாம்பலிலுள்ள சுண்ணாம்பும் பொட்டாசியமும் சிலிக்காவைச் சூளைச் சூட்டில் உருகச் செய்கின்றன. களிமண்ணிலுள்ள அலுமினா, உருகியது சுவரில் வழிந்து ஓடிவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. இந்த மூன்றின் அளவை ரசாயனப் பாடம் படிக்காத குயவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து நிலைநிறுத்தினார்கள். பூச்சு சுவரோடு ஒத்துப் போவதும் முக்கியம். ஆறும்போது சுவரைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்கினால் மயிரிழை விரிசல்கள் வலைபோல் விழும். மேசைக் குவளையில் அதை அழகு என்று ரசிப்போர் உண்டு. மங்கில் அது குறைதான். அந்த இழைகளுக்குள் பால் புகுந்து கறுத்த கோடுகளாகத் தங்கும்.

சுடுவதற்கு டிராகன் சூளை. தென் சீனத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்கும் அமைப்பு இது. மேட்டுச் சரிவில் செங்கல்லால் கட்டிய நீண்ட குகை. கீழ் முனையில் அடுப்பு வாய், மேல் முனையில் புகை வெளியேறும் வழி, இரு விலாவிலும் வரிசையாகச் சிறு துளைகள். சூடான காற்று மேலே ஏறும் இயல்புடையது என்பதால் சரிவில் கிடக்கும் சூளை முழுவதும் ஒரு புகைபோக்கியாக வேலை செய்கிறது. தீயை ஊதத் துருத்தி வேண்டாம். கீழ்ப்பகுதி எரியும்போது வெளிவரும் சூடு வீணாகாமல் மேலே அடுக்கிய பொருள்களைப் பதமாக்கி வைக்கும். கீழே வேலை முடிந்ததும் அடுத்த துளையில் விறகை நுழைப்பார்கள், அதற்குப் பின் அதற்கும் மேலே. இப்படித் தீ படிப்படியாகச் சரிவில் ஏறும். ஆயிரக்கணக்கான பொருள்களை ஒரே முறையில் இவ்வளவு சிக்கனமாகச் சுடும் பழைய ஏற்பாடு வேறு ஏதும் எளிதில் நினைவுக்கு வரவில்லை.

மங்கைச் சூளையில் அடுக்குவது தனிக் கலை. பூச்சு உருகினால் தொட்டதை எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒன்றின் மேல் ஒன்று படும் இடத்தில் பூச்சை வழித்துவிடுவார்கள், அல்லது நடுவில் மணலோ மண் வில்லையோ வைப்பார்கள். அடுக்கி முடித்து வாயைச் செங்கல்லால் அடைத்த பின் முதலில் இளந்தீ. மண்ணில் எஞ்சிய ஈரம் நிதானமாகப் போக வேண்டும்; அவசரப்பட்டால் உள்ளே நீராவி பெருகிக் கிண்ணம் வெடிக்கும். 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று விரிவடையும் கட்டம் ஒன்று உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் அதைப் பையக் கடந்தாக வேண்டும். பிறகு தீயை உயர்த்துவார்கள். சூட்டுமானி இல்லாத காலத்தில் துளை வழியே தெரியும் நிறமே அளவுகோல்: செக்கச் சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகி, மஞ்சள் வெளிறிக் கண் கூசும் நிலைக்கு வரும்போது பூச்சு உருகிவிட்டது என்று அர்த்தம். விறகை நெருக்கித் திணித்தால் உள்ளே காற்று குறையும். அப்போது நெருப்பு மண்ணிலும் பூச்சிலும் இருக்கும் இரும்பிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். பழுப்பாக வர வேண்டிய பூச்சு சாம்பல் பச்சையாக மாறுவது அதனால்தான். பழைய மங்குகள் ஒரே சூளையிலிருந்து வந்தும் நிறத்தில் ஒன்றுபோல் ஒன்று இல்லாததற்கும் இதுவே காரணம். சூளைக்குப் போட்ட விறகில் ரப்பர் மரமும் இருந்தது. மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்த கிழட்டு மரங்கள், மரச்சாமான் செய்யும் தொழில் அவற்றைக் கேட்கத் தொடங்கும் வரை, விறகாகவே போயின.

மங்கின் காலம் முடிந்ததற்குப் பிளாஸ்டிக்கை மட்டும் குற்றம் சொல்வது வழக்கம். பிளாஸ்டிக் கிண்ணம் மலிவு, உடையாது, இலேசு என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதற்கு முன்பே தொழிலின் போக்கு மாறத் தொடங்கியிருந்தது. 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அதிகப் பால் தரும் மர வகைகளை உருவாக்கியது. பழைய அளவு மங்கில் பால் வழிந்தது. 1970களில் பட்டையில் எத்திஃபான் என்ற ரசாயனத்தைத் தடவிப் பால் ஓட்டத்தை நீட்டிக்கும் முறை பரவியபோது, வேலையாட்கள் வீடு திரும்பிய பின்னும் மரம் சொட்டிக்கொண்டே இருந்தது. 1965இல் மலேசியா தரநிர்ணய ரப்பர்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. தாள் ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த காலம் போய், அழுக்கு எவ்வளவு என்று சோதனைச் சாலையில் அளந்து கட்டி ரப்பராக விற்கும் வழி திறந்தது. கிண்ணத்திலேயே உறைந்த கட்டிப்பாலையும் இயந்திரம் அரைத்துக் கழுவிச் சரக்காக்கியது. பால் திரியாமல் காப்பது அவ்வளவு அவசியமில்லை என்றானபோது, வழவழப்பான கல் பீங்கானின் முதல் தேவையே போய்விட்டது. காடுகளும் சுருங்கின. நெகிரி செம்பிலானில் தோட்டத்துக்குத் தோட்டம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் தோட்ட நிலம் நகரமாயிற்று. 1990களின் தொடக்கத்தில் உலகின் முதல் ரப்பர் உற்பத்தி நாடு என்ற இடத்தைத் தாய்லாந்து எடுத்துக்கொண்டது. லயங்கள் என்னும் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் உளியையும் நெற்றி விளக்கையும் நினைவாக எடுத்துச் சென்றது உண்டு. மங்கை எடுத்துப் போகத் தோன்றியவர்கள் குறைவு.

குயவர்களும் வேறு வழி தேடினார்கள். ஆயர் ஹீத்தாமிலும் ஜாலான் பஹாரிலும் தொட்டி, குவளை, தட்டு, அலங்காரப் பொருள் என்று வேலை திசை மாறியது. மங்கு வனைந்த அதே முறையில், அதே மண்ணில் குவளை எழுகிறது. கூடுதலாக வேண்டியவை ஒரு பிடியும் மெல்லிய உதடும் மட்டுமே. பிடியை ஈரமான மண்ணிலிருந்து கையால் நீவி இழுத்து, குவளைச் சுவர் தோல் பதத்துக்குக் காய்ந்த நிலையில் இரண்டையும் கீறி, களிக்கரைசல் தடவி ஒட்டுவார்கள். இரண்டும் ஒரே ஈரத்தில் இராவிட்டால் காயும்போதே பிடி கழன்று வரும். தமிழ்நாட்டுப் பக்கம் இந்தக் கலைக்குப் பெயர் பெற்ற இடம் புதுச்சேரி. ரே மீக்கரும் டெபரா ஸ்மித்தும் 1971இல் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் இன்று இந்தியாவின் பல ஊர்களில் கல் பீங்கான் செய்கிறார்கள்.

பழைய மங்குகள் இப்போது பழம்பொருள் கடைகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் தென்படுகின்றன. கள்ளி, சிறு செடி வளர்க்க வாங்குகிறார்கள். உண்மையான மங்கை அடையாளம் காண்பது கடினமல்ல. அடியில் பூச்சில்லாத வட்டம் இருக்கும், சில வேளை மணல் ஒட்டிய தழும்பும். உள்ளே பூச்சு முழுமையாகவும் வெளியே அரைகுறையாகவும் இருக்கும். விரல் நுனியால் சுண்டினால் நன்றாகச் சுட்டது கணீரென்னும், சூடு போதாததோ விரிசல் விட்டதோ மந்தமாக ஒலிக்கும். பூச்சில்லாத அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பதும் உண்டு: அப்படியே நின்றால் கல் பீங்கான், உறிஞ்சிக்கொண்டால் குறைச் சூட்டில் வந்த மண். புதிதாகக் குவளை வாங்குபவர்களுக்கும் இதே சோதனைகள் போதும். பழைய மங்கில் காப்பி ஊற்றிக் குடிப்பது மட்டும் வேண்டாம். பூச்சின் மயிரிழை விரிசல்களில் பல ஆண்டுப் பால் புகுந்திருக்கும், கழுவினாலும் போகாது.